வாட்டில் கிறீக் மைதானத்தில் இறங்க மறுத்த பந்துகள்

மே மாதத்து மூன்றாவது சனிக்கிழமை பின்னேரம், எங்கள் அணி முப்பத்தேழு புள்ளி பின்னால் நின்றபோது, கப்டன் பெக் வானத்தைப் பார்த்து உதைத்த பந்து மேலே போனது, போய் ஒரு பனை உயரத்தில் நின்றது, நின்றது நின்றதுதான், இறங்கவில்லை. கீழே பதினொரு பெண்கள் கையை நீட்டியபடி அண்ணாந்து நிற்க, நடுவர் பத்து மட்டும் எண்ணிப்பார்த்துவிட்டு வேறு பந்தை எடுத்துவரச் சொன்னார், ஆட்டம் தொடர்ந்து நடந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். மூன்று வருசமாக ஒரே இடத்தில் போய் விழுந்து விழுந்து அந்தப் பந்துக்கே வெறுத்துப் போயிருக்கும். எனக்கு வெறுக்கவில்லையா?

முதலில் நான் ஆரென்று சொல்லிவிடுகிறேன், பிறகு ஆர் இந்த மனுசி, ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று கேட்கக் கூடாது. என் பெயர் ரஞ்சிதமலர், கிளப்பில் எல்லோருக்கும் மலர். மெல்பேணின் தென்கிழக்கில், ரயில் பாதையும் சிற்றாறும் சந்திக்கிற இடத்தில் இருக்கிற வாட்டில் கிறீக் கிளப்பின் கன்ரீனில், சனிக்கிழமை சனிக்கிழமை ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்து வைக்கிறவள் நான்தான். என் மகள் ஆரணி பெண்கள் அணியில் முன்வரிசையில் விளையாடுகிறாள், இருபது வயது, ஆள் கட்டை, ஆனால் ஓடத் தொடங்கினால் பிடிக்க ஆள் இல்லை.

இந்த ஊர் உதைபந்தாட்டத்தைத் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: முட்டை வடிவில் ஒரு பெரிய மைதானம், அதே வடிவில் ஒரு பந்து, இரண்டு தொங்கல் முனையிலும் நான்கு நான்கு கம்பம்; நடு இரண்டு கம்பத்துக்கு ஊடாக உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்தால் போனால் ஒன்று; பறந்து வருகிற பந்தை நிலத்தில் படாமல் ஏந்திவிட்டால் ஆட்டம் உங்களுக்காக நிற்கும், ஆறுதலாகக் குறி பார்த்து உதைக்கலாம். கம்பத்துக்குக் கிட்ட நின்று ஏந்தி உதைக்கிறவர்கள்தான் முன்வரிசை. அவர்களுக்கென்று தனியாக ஒரு பயிற்சியாளர். எங்களுக்கு வாய்த்தவர் டரல்.

டரலுக்குக் கழுத்தில் எப்போதும் இரண்டு விசில் தொங்கும், தலைக்குள் ஒரே ஒரு யோசனைதான் தொங்கும். கம்பங்களுக்கு முப்பது மீற்றர் முன்னால் புல்லில் வெள்ளையாக ஒரு வட்டம். ஆரிடம் பந்து கிடைத்தாலும், எங்கே நின்றாலும், அதை உயரமாக அந்த வட்டத்துக்கு உதைக்க வேண்டும், முன்வரிசைக்காரர் எல்லோரும் வட்டத்துக்குள் நின்று அண்ணாந்து காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய வித்தை. எதிரணிக்கு என்ன கண் பொட்டையா? அவர்களும் வந்து அதே வட்டத்துக்குள் நிற்பார்கள், எங்களைவிட ஒரு சாண் உயரமாக வந்து நிற்பார்கள், பந்து விழுகிறபோது பதினொரு சோடிக் கை மேலே போகும், அதில் எங்கள் கை என்றைக்குமே கீழ்க் கைதான். இரண்டு அணியிலும் ஆறு ஆறு பேர், அதில் பன்னிரண்டாவது ஆள் என் ஆரணி. அவள் மட்டும் அந்தப் பக்கத்து வெறும் புல்லில், கையை உயர்த்திக்கொண்டு தனியாக ஓடிக்கொண்டிருப்பாள், அவளைக் காவல் காக்க வேண்டியவள்கூட அவளை விட்டுவிட்டு வட்டத்துக்குப் போய்விடுவாள், ஏனென்றால் ஆரணிக்கு ஒருவரும் உதைக்கமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். "வட்டம்! வட்டம்!" என்று டரல் குழறுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஆள் நிக்கிற இடத்துக்கு இல்லை, ஆள் வாற இடத்துக்கு உதையுங்கோடி!" என்று வேலியில் ஏறி நின்று கத்துவேன். தமிழில் கத்துவேன், பிறகு ஆங்கிலத்தில் கத்துவேன், பிறகு ஒருத்தருக்கும் விளங்காவிட்டால் கையால் காட்டுவேன். ஒருநாள் டரல் நேரே வந்து, மிகவும் மரியாதையாக, "மலர், நீங்கள் எப்போதாவது இந்த விளையாட்டை விளையாடியிருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

இல்லை. நான் விளையாடினது வலைப்பந்து. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில், கூடைக்குக் கிட்ட நின்று போடுகிற ஆள் நான்தான், தொண்ணூற்றைந்தில் மாவட்ட அணிக்கு எடுபட்டேன், ஐப்பசி முப்பதாம் திகதி யுத்தத்துக்குப் பயந்து முழு ஊரும் ஒரே றோட்டில் நடந்தபோது சப்பாத்தை மட்டும் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன், அதற்குப் பிறகு பந்து தொடவில்லை. ஆனால் ஓடுகிறவளுக்கு முன்னால் இருக்கிற வெறும் இடத்துக்கு எறிய வேண்டும் என்பது பதினாறு வயதில் படித்தது, அது மறக்கிற சாமான் இல்லை. டரலிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த கிழமை கொமிற்றியிடமிருந்து கடிதம் வந்தது: திருமதி மலர் இனிமேல் வேலிக் கரையில் நிற்கக் கூடாது, மைதானத்துக்குள் கேட்கும்படி சொற்கள் எதையும் சொல்லக் கூடாது. கீழே தலைவி மொரீன் பேனையால் இரண்டு வரி எழுதியிருந்தா: "மன்னிக்கவும் மலர். ரோல்ஸ் வழக்கம்போல வரும்தானே?"

எப்படி இருக்கிறது கதை? என் வாய் வேண்டாம், என் கை மட்டும் வேண்டுமாம்.

முதல் பந்து இறங்காமல் நின்ற கிழமைக்கு அடுத்த கிழமை இன்னும் இரண்டு நின்றது, அதற்கு அடுத்த கிழமை ஐந்து, வட்டத்துக்கு நேர் மேலே, கொத்தாக, காற்றடித்தால் மெல்ல ஆடிக்கொண்டு. வேறு எங்கே உதைத்த பந்தும் ஒழுங்காக இறங்கியது. வட்டத்துக்கென்று உதைத்தது மட்டும் இறங்க மறுத்தது. சனம் இரண்டு கிழமை அண்ணாந்து பார்த்தது, மூன்றாம் கிழமை பழகிவிட்டது. லீக்கிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது, பத்து எண்ணும்வரை இறங்காத பந்து ஒருவருக்கும் சொந்தமில்லை, புதுப் பந்து போடலாம் என்று. நகரசபையிலிருந்து ஒரு பெடியன் அளவுநாடாவோடு வந்து, நான்கு மீற்றருக்கு மேலே இருப்பது தங்கள் பகுதி இல்லை என்று எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டு இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டுப் போனான். கறுப்பும் வெள்ளையுமான மக்பை குருவி ஒன்று ஏழாவது பந்தின் மேல் குச்சி அடுக்கிக் கூடு கட்டத் தொடங்கியது. பிள்ளைகள் பந்துகளுக்குப் பெயர் வைத்தார்கள். கல்யாணம் கட்டப்போகிற சோடிகள் வெள்ளை உடுப்போடு வந்து கீழே நின்று படம் பிடித்தார்கள், படம் பிடிக்கிறவர்கள், "பின்னேர வெளிச்சத்தில் நல்ல வடிவு" என்றார்கள்.

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கோயில் சபைத் தலைவர் கனகசூரியம் அண்ணை ஒரு வானில் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கி, கற்பூரம் கொளுத்தி, "பிள்ளையாற்ற வேலைதான் பிள்ளை, வேற ஒண்டுமில்லை" என்று வட்டத்தின் நட்ட நடுவில் சிதறுதேங்காய் அடித்தார்; டரல் ஓடிவந்து, பிள்ளைகளின் முழங்காலில் சிரட்டை வெட்டும் என்று குனிந்து குனிந்து பொறுக்கினார், அந்த மனுசன் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது. "அண்ணை, பிள்ளையாருக்கு வேற சோலி இல்லையோ?" என்று நான் கேட்டேன். "அப்ப ஆற்ற வேலை?" என்றார். "டரலின்ர வேலை" என்றேன்.

ஆனால் பாருங்கள், டரலும் அதையேதான் சொன்னார்! ஜூலை மாதக் கூட்டத்தில், வெள்ளைப் பலகையில் படம் கீறி, "முன்பு நாங்கள் உதைத்த பந்து எதிரணிக்குப் போனது. இப்போது அது ஒருவருக்கும் போவதில்லை. சராசரித் தோல்வி நாற்பதிலிருந்து முப்பத்தொன்றாகக் குறைந்திருக்கிறது. வான்வெளி இப்போது எங்கள் கட்டுப்பாட்டில்" என்று விளக்கினார், கொமிற்றி கை தட்டியது, அடுத்த வருசத் திட்டத்தில் அதைச் சேர்ப்பதென்று முடிவெடுத்தது, மொரீன் வாசலில் "தொங்கும் பந்துகளின் வீடு" என்று பலகையும் மாட்டினா. பின்னால் இருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு, கேத்திலைக் கொண்டுபோய் அந்த வெள்ளைப் பலகையில் கவிழ்க்கலாமா என்று இருந்தது. கவிழ்க்கவில்லை. இப்போது நினைத்தால் கவிழ்த்திருக்கலாம்.

அந்த வட்டத்தைக் கீறுகிறது ஆரென்று நினைக்கிறீர்கள்? என் மனுசன் குணசீலன். இருபத்திரண்டு வருசமாக பஸ் ஓட்டுகிறவர், நிமிசம் பிந்தாமல் முந்தாமல், தந்த பாதையில், தந்த தரிப்பில். கிழமைக்கொருக்கால் புல் வெட்டுகிறபோது கோடெல்லாம் அழிந்துபோகும், வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வந்து, கோடு போடுகிற வண்டிலில் வெள்ளைப் பெயின்றை ஊற்றித் தள்ளிக்கொண்டு மைதானம் சுற்றுவார், எல்லைக் கோடு, நடுச் சதுரம், கடைசியில் டரலின் வட்டம். ஒரு சம்பளமும் இல்லை, அவருக்கு அது ஒரு ஆறுதல்.

"வட்டத்தைக் கீறாதேங்கோ" என்று எத்தனை வெள்ளி சொல்லியிருப்பேன்.

"இஞ்சரும், எழுதித் தந்திருக்கினம். நான் கீறுறன். எனக்கேன் தேவையில்லாத கதை?" என்பார்.

"உங்கட பிள்ளையைத்தான் அதுக்குள்ள போட்டு அடைக்கினம்."

வண்டிலைத் தள்ளிக்கொண்டு நகர்ந்துவிடுவார். வண்டிலின் சில்லுச் சத்தம்தான் வரும்.

ஓகஸ்ட் மாதத்துக் கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள், நாற்பத்தொரு பந்து தொங்கிக்கொண்டிருக்க, ஆரணி பயிற்சி முடிந்து வந்து சப்பாத்துகளைக் கழற்றி, பழைய உடுப்புகளைத் தானம் கொடுக்கிறதற்காக நான் கட்டி வைத்திருந்த பைக்குள் போட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். குணசீலனும் கோடு போடப் புறப்பட்டு, வாளியோடு நின்றார்.

"என்ன பிள்ளை அது?"

"நாளையோட சரி அம்மா. வட்டத்துக்குள்ள நிக்காட்டி அடுத்த வருசம் எனக்கு இடமில்லையாம். டரல் சொல்லிப்போட்டார்." அவள் அழவில்லை, அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நான் ஓடுறன், ஓடுறன், ஆரும் பாக்கினமில்லை. எனக்கு ஓடினதுதான் பிழையோ எண்டு வந்திட்டுது."

பையிலிருந்து சப்பாத்துகளை எடுத்து, நிலத்தில் குந்தியிருந்து, ஊத்தையைச் சுரண்டிச் சுரண்டித் துடைத்தேன். "என்னை நிப்பாட்ட ஒரு யுத்தம் வேண்டிக்கிடந்தது. உன்னை ஒரு வெள்ளைக் கோடு நிப்பாட்டுறதோ? நாளைக்கும் ஓடு. நாளையிண்டைக்கும் ஓடு. பாக்காட்டி அது அவையின்ர கண்ணில பிழை" என்றேன். குணசீலன் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

சனிக்கிழமை நான் ரோல்ஸ் தட்டுகளைக் கன்ரீனில் வைத்துவிட்டு, கடிதத்துக்கு மரியாதை கொடுத்து, காருக்குள் போய் இருந்தேன். எங்கள் மைதானத்தில் கார்களை எல்லைக்குப் பக்கத்தில், மூஞ்சி உள்ளே பார்க்க, வரிசையாக நிறுத்தி வைத்து உள்ளே இருந்தே பார்க்கலாம். எங்கள் ஆட்கள் கோல் போட்டால் எல்லோரும் ஹோர்ன் அடிப்பார்கள். கோலுக்கு மட்டும்தான் ஹோர்ன். சும்மா அடித்தால் அது பெரிய மானக்கேடு, தேவாலயத்தில் விசிலடித்த மாதிரி. அந்த வருசம் முழுக்க அறுபது காரும் ஊமையாகத்தான் நின்றன.

பெண்கள் உள்ளே ஓடிவந்தார்கள். வந்தவர்கள் தடுமாறி நின்றார்கள். வட்டம் இல்லை.

எல்லைக் கோடு இருந்தது, நடுச் சதுரம் இருந்தது, வட்டம் இருந்த இடத்தில் வெறும் பச்சைப் புல். நான் கார் கண்ணாடியால் குணசீலனைத் தேடினேன். மனுசன் சாமான் அறை வாசலில், வண்டிலுக்குப் பக்கத்தில், பஸ் தரிப்பில் நிற்கிற மாதிரி நேரே நின்றார்.

பழக்கம் லேசில் போகுமா? முதல் பாதியில் பெண்கள் ஞாபகத்தை வைத்துக்கொண்டு அதே இடத்துக்கே உதைத்தார்கள், இன்னும் மூன்று பந்து மேலே போய் நின்றது, முப்பது புள்ளி பின்னால் போனோம். இடைவேளைக்குச் சங்கு ஊதியதும் டரல் நேரே சாமான் அறைக்கு நடந்தார், என் கார் அதற்குப் பக்கத்தில் நின்றபடியால் எல்லாம் கேட்டது.

"குணா, வட்டம் எங்கே? இப்போதே கீறுங்கள்."

"பெயின்ற் முடிஞ்சுது" என்றார் என் மனுசன், ஆங்கிலத்தில், மிகவும் பணிவாக.

அவருடைய காலடியில் மூடி உடைக்காத பெயின்ற் வாளி இரண்டு இருந்தது. டரல் வாளிகளைப் பார்த்தார். குணசீலனும் வாளிகளைப் பார்த்தார். பிறகு திரும்ப, "பெயின்ற் முடிஞ்சுது" என்றார். இருபத்தொரு வருசம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அந்த மனுசனை அன்றைக்குப் போல ஒருநாளும் நான் விரும்பியதில்லை.

மூன்றாம் கால்பகுதி தொடங்கி ஐந்து நிமிசம் இருக்கும். நடு மைதானத்தில் பெக்கிடம் பந்து. பதினொரு பேர் இல்லாத வட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்க, ஆரணி என் கார்ப் பக்கத்து மூலையை நோக்கி, வெறும் புல்லில், கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தாள். பெக் வானத்தைப் பார்த்தாள். பார்த்துக் காலைத் தூக்கப்போனாள். கடிதத்தில் சொற்கள் கூடாது என்றுதான் இருந்தது. நான் ஹோர்னில் இரண்டு கையையும் வைத்து அமத்தினேன்.

அமத்தி, எடுக்கவில்லை. கோல் இல்லாமல் ஹோர்ன்! அறுபது காரும் திரும்பிப் பார்த்தது, நடுவர் பார்த்தார், கன்ரீனில் தக்காளி சோஸோடு நின்றவர்கள் பார்த்தார்கள், பெக்கும் பார்த்தாள். மூன்று வருசத்தில் முதல் தடவையாக அவளுடைய கண் வானத்தை விட்டு நிலத்துக்கு இறங்கியது, இறங்கி, சத்தம் வந்த பக்கம் ஆரணியைக் கண்டது, ஆரணிக்கு முன்னால் இருந்த வெறும் புல்லையும் கண்டது. உதைத்தாள். பந்து உயரவில்லை, நெஞ்சு உயரத்தில், நேராக, ஆரணி இருந்த இடத்துக்கு இல்லை, அவள் வருகிற இடத்துக்கு வந்து இறங்கியது. விழவேண்டிய பந்து விழவேண்டிய இடத்தில் இறங்கியது, நாற்பத்துநான்கு பந்து வானத்தில் தொங்கியதற்கு வாய் திறக்காத சனம் இதற்கு வாயைப் பிளந்தது. ஆரணி ஏந்தினாள். குறி பார்த்தாள். நடுவால் போட்டாள்.

அதற்குப் பிறகு அடித்த ஹோர்ன் சத்தத்தில் மக்பை குருவி கூட்டைவிட்டு எழும்பியது.

பிறகு ஆர் சொல்லையும் ஆரும் கேட்கவில்லை. ஆரணி எந்தப் பக்கம் ஓடினாளோ அந்தப் பக்கத்துக் கார்கள் ஹோர்ன் அடித்தன, முன்வரிசையின் மற்ற ஐந்து பேரும் வட்டத்தை விட்டுச் சிதறி ஓடத் தொடங்கினார்கள், அவர்களுக்கும் ஹோர்ன், மைதானம் முழுக்க ஒரே கல்யாண வீடு. டரல் இரண்டு விசிலையும் மாறி மாறி ஊதினார், ஒருத்திக்கும் கேட்கவில்லை. ஆரணி ஐந்து கோல். இரண்டு புள்ளியால் தோற்றோம். தோற்றால் என்ன? பெண்கள் ஒருவரையொருவர் தூக்கிச் சுற்றிய சுற்றில் வென்ற அணி தாங்கள் தோற்றுவிட்டோமோ என்று பலகையைத் திரும்பிப் பார்த்தது.

மொரீன் என் காருக்கு வந்து கண்ணாடியைத் தட்டினா. "மலர், டரல் கோபத்தில் இருக்கிறார். அடுத்த வருசம் வட்டம் இல்லையென்றால் தானும் இல்லையாம். ஆரணியின் பெயரையும் வெட்டச் சொல்கிறார்."

"வெட்டட்டும். முதல்ல ஓடிப் பிடிக்கட்டும், பிறகு வெட்டட்டும்" என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவைத் திறந்து இறங்கினேன். கடைசிச் சங்குக்குப் பிறகு சனம் முழுக்க உள்ளே போய்ப் பந்து உதைத்து விளையாடுவது அங்கே வழக்கம். வேலிக் கரையில் நிற்கக் கூடாது என்றுதானே கடிதம், தாண்டி உள்ளே போவதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மொரீன் என்னைத் தடுக்கவில்லை, வேலிப் படலையைத் திறந்துவிட்டா.

உள்ளே பெக் கையை உயர்த்திக்கொண்டு, சும்மா, பகிடிக்கு, தொங்குகிற பந்துகளுக்குக் கீழாக ஓடினாள். ஒரு பந்து கொத்திலிருந்து கழன்று, சரிந்து, அவளுக்கு நான்கு அடி முன்னால் இறங்கியது. பிறகு இன்னொருத்தி ஓடினாள், அவளுக்கும் ஒன்று. பிறகு எல்லோரும் ஓடினார்கள், எதிரணிப் பெண்களும் ஓடினார்கள், பிள்ளைகள் ஓடினார்கள், கனகசூரியம் அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்து அடி ஓடினார், ஓடிய எல்லோருக்கும் முன்னால் ஒவ்வொன்றாக இறங்கியது, நின்றவர்களுக்கு இறங்கவில்லை. டரல் வட்டம் இருந்த இடத்தில், நட்ட நடுவில், கையை நீட்டியபடி அண்ணாந்து நின்றார். அவருக்கு மேலே கூடு கட்டிய பந்து ஒன்றும், எல்லாவற்றுக்கும் உயரத்தில் மே மாதத்து முதல் பந்தும் மிஞ்சியிருந்தன.

"அம்மா!" என்று ஆரணி அந்தத் தொங்கலிலிருந்து கத்தினாள். "என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஓடுங்கோ!"

எனக்கு நாற்பத்தாறு வயது. முழங்கால் இரண்டும் மழைக்கு நோகும், காலில் வீட்டுச் செருப்பு, உடுப்பெல்லாம் ரோல்ஸ் மணம். செருப்பைக் கழற்றி எறிந்தேன். காரடியில் குணசீலன் கதவுக்குள்ளால் கையை விட்டு ஹோர்னை அமத்தினார், விட்டு விட்டு அமத்தினார், நான் எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து ஓடினேன், திரும்பிப் பார்க்கவில்லை, கையை உயர்த்தினேன், பதினாறு வயதில் உயர்த்தியதற்குப் பிறகு அப்போதுதான் உயர்த்தினேன். மே மாதத்து முதல் பந்து நான் நின்ற இடத்துக்கு வரவில்லை. நான் வருகிற இடத்துக்கு வந்தது. இரண்டு கையாலும் ஏந்தி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன், நடுவர் கேட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.